மூன்று பின் பிளக்கும் ஒரு கல்வெட்டும்

“எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா ஜெபிப்போம்” என்றார் போதகர். சபை தலைகுனிந்தது. குழந்தைகள்கூட அடங்கிய அந்த மௌனத்தின் நடுவே, ஆலயத்துச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள் மட்டும் “ம்ம்ம்ம்” என்று இரைந்துகொண்டிருந்தன.

பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள் நான் ஒருத்திதான். அதனால் கண்ணை மூடியிருந்தாலும் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது, முன்வரிசையில் சபைச் செயலர் செல்லத்துரை அண்ணாச்சி முழுசாகத் திரும்பி உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ஜெபத்தில் கண்ணைத் திறந்தவர் அவர், முறைப்பு எனக்கு.

ஆராதனை முடிந்து வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மாட்டக்கூட விடவில்லை.

“ஏட்டி மெர்சி, அந்தப் பொட்டிய அடுத்த வாரம் கொண்டு வராத. அசனம் வருது, வெளியூர்லருந்து ஆளு வருவாவ. ஒரு நிமிஷம் நிம்மதியா ஜெபம் பண்ண விடுதியா நீ?”

“அண்ணாச்சி, அது எம் பொட்டிச் சத்தம் இல்ல. நான் வால்யூமைச் சுத்தமா கொறச்சுத்தான் வச்சிருந்தேன்.”

“பொட்டி இல்லேன்னா பின்ன நானா இரைஞ்சேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அசனம் என்பது வருடத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் பந்தியில் அமர்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும் எங்கள் பண்டிகை. அதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சிரிப்பு மூன்று வாரமும் என் காதில் இருந்தது.

பெட்டிக்குள் இருப்பது

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் கிட்டார் என்று எழுதிய நாளிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். “நீ கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கிறவள்தானே, உனக்கு எதற்கு இதெல்லாம்?” ஈ.சி.ஜி. எடுக்கிறவள் ஆறு மணிக்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா?

என் ஆம்ப்ளிஃபயர் பழைய வகை. உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். திருநெல்வேலியில் ஒரு இசைக்குழு கலைந்தபோது வாங்கி, சங்கரன்கோவில் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். அரைமூட்டை அரிசி கனம். சுவிட்ச் போட்டால் உடனே பாடாது. வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் சிவந்து, தூசி கருகும் வாசனை வந்த பிறகுதான் வாய் திறக்கும். அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பெட்டி யோக்கியம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதன் எல்லாக் கோளாறையும் பார்த்தவள் நான். குமிழைத் திருகினால் கரகரவென்றது, அதற்குள் அழுக்கு. ஒரு வால்வு, பென்சிலால் மெல்லத் தட்டினாலே ஸ்பீக்கரில் மணி அடித்தது, அதை மாற்றினேன். ஒருமுறை கிட்டாரில் வயர் சொருகும் ஓட்டையே ஆடிக்கொண்டிருந்தது. நட்டை முறுக்கினேன், தீர்ந்தது.

இதில் ஒரே ஒரு ஒழுங்குதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டு எது சரியாயிற்று என்று தெரியாமல் நிற்கக் கூடாது.

அண்ணாச்சி ஏசிய அன்று மாலையே பெட்டியை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தறிகள் நிற்கும். அந்த அமைதியில் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். கிட்டாரைச் சொருகினேன், பிடுங்கினேன். வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். வேறு வயர் போட்டேன். லேசான ‘ஸ்ஸ்’ என்ற மூச்சைத் தவிர ஒன்றுமில்லை. அது எந்த வால்வுப் பெட்டியிலும் இருப்பது.

வீட்டில் சமர்த்தாக இருக்கிற பெட்டி ஆலயத்தில் மட்டும் இரைகிறதென்றால், கோளாறு யாரிடம்?

முதுகு காட்டி நின்றவள்

இதற்கு முன்னும் ஒரு வழக்கு என்மேல் உண்டு. சொல்லாமல் விட்டால் ஆறாது.

சில கிட்டார்களில் கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தச்சுருள், பக்கத்தில் இருக்கிற ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சத்தத்தையெல்லாம் பிடித்து இழுத்துக்கொள்ளும். நாம் நிற்கும் திசையை மாற்றினால் கூடும், குறையும். எங்கள் ஆலயத்தில் நான் வடக்கே திரும்பி நின்றால் குறைந்தது. வடக்கே திரும்பினால் சபைக்கு முதுகு. நான் என்ன செய்ய?

“பொம்பளப் பிள்ள சபைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா, அடக்கம் இல்ல” என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் என்னிடம் வந்து ஏன் என்று கேட்டிருக்கலாம் இல்லையா? நான் செப்புத் தகடு வாங்கி, கிட்டாரின் உள்குழியை முழுசாக ஒட்டி மூடி, அந்த இரைச்சலை ஒழித்துவிட்டுத் தெற்கே திரும்பினேன். அதன் பிறகும் ‘முதுகு காட்டினவள்’ என்ற பேர் மட்டும் போகவில்லை.

அமைதியான ஞாயிறு

கொண்டு வராதே என்றால் விட்டுவிடுகிற ரகம் இல்லை நான். அடுத்த ஞாயிறு காலை பெட்டியோடு போய் இறங்கினேன். மைக் செட் முருகன் வயர்களை விரித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆலயத்துக்கும் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கும் அவன்தான். என் பெட்டியிலிருந்து ஒரு வயர் அவனுடைய மிக்ஸருக்குப் போகும். அதன் வழியாகத்தான் கிட்டார் ஸ்பீக்கர்களில் கேட்கும்.

“அக்கா, நீங்க பயிற்சிக்குப் போங்க. நான் மாட்டி வைக்கேன்” என்றான். பக்கத்து அறையில் ஒத்திகை முடித்து வந்தேன்.

மௌன ஜெபம் வந்தது. ஒரு சத்தம் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

வாசலில் செல்லத்துரை அண்ணாச்சி நாலு பேரோடு காத்திருந்தார். “பாத்தியாட்டி? முருகன் ரெண்டே நிமிஷத்துல ஒம் பொட்டியச் சரி பண்ணிட்டான். நீ என்னமோ வீட்டுல வச்சு ஆராய்ச்சி பண்ணுனேன்னாவ.”

உள்ளே போய் வயரைச் சுருட்டினேன். பிளக் கைக்கு வந்தது. மூன்று பின் பிளக்கில், மேலே தடிமனாக இருக்குமே மூன்றாவது பின், அதைக் காணோம். ஹாக்ஸா பிளேடு வைத்து அடியோடு அறுத்திருந்தது. பித்தளை பளபளவென்று தெரிந்தது.

அந்தப் பின்தான் எர்த். பெட்டிக்குள் வீட்டுக் கரண்டைவிட அதிக வோல்டேஜ் ஓடும். உள்ளே ஏதாவது ஒரு வயர் நழுவித் தகரத்தில் பட்டால், கரண்ட் அந்தப் பின் வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸ் அறுந்துவிடும். பின் இல்லாவிட்டால் அது கிட்டார் கம்பிக்கு வரும். கிட்டார் கம்பியில் இருப்பது என் விரல்.

“முருகா, இது என்ன?”

“அக்கா, எர்த்தக் கழட்டுனா இரைச்சல் நின்னுரும். கல்யாண வீட்டுல எல்லாம் அப்படித்தான் பண்ணுவோம். அண்ணாச்சிதான் என்னத்தப் பண்ணியாவது சத்தத்த நிறுத்துன்னாவ.”

“என்னத்தப் பண்ணியாவதுன்னா, நான் செத்தாலுமா?”

அவன் முகம் செத்துப்போயிற்று. கெட்ட பையன் இல்லை. இரைச்சலை ஒரு பீடையாகப் பார்த்துப் பழகியவன். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அந்த இரைச்சல் ஏன் வருகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு ஒப்பாரி வைக்கிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அண்ணாச்சியும் அந்த நாலு பேரும் பந்தியில் யாருக்கு எந்த வரிசை என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ரம்பப் பல் கோடு

நான் கிளினிக்கில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஈ.சி.ஜி. காகிதத்தில் இதயத்தின் கோடு மெல்லிசாக வர வேண்டும். எங்கள் மெஷினில் ரம்பப் பல் மாதிரி தடித்து வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நோயாளியைத் திட்டுவார். “அசையாம படுக்க மாட்டீரா?” திருவேங்கடத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், “நான் மூச்சே விடலியே ஐயா” என்று பரிதாபமாகச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகாமல் பிளக்கைக் கழற்றினேன். எர்த் வயர் அவிழ்ந்து தனியே கிடந்தது. திருகி முடுக்கினேன். அடுத்த நோயாளிக்குக் கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. அதுவரை எத்தனை பேர் அசைந்ததாக ஏச்சு வாங்கியிருப்பார்கள்? வயரின் கடைசியில் யார் இருக்கிறாரோ அவரைக் குற்றம் சொல்வது அன்றிலிருந்தே எனக்கு ஆகாது.

ஜெயாக்காவின் நெஞ்சு

பிளக்கின் பின் அறுபட்ட ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய், கிளினிக்குக்கு ஜெயாக்கா வந்தார். எங்கள் குழுவின் முதல் குரல். பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. பெரிய அடுப்புக்கு முன்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலில் ஒரு அலுப்புத் தெரியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார். நெஞ்சுப் படபடப்பு, ஈ.சி.ஜி.

எடுத்தேன். ஒரு குறையும் இல்லாத கோடு.

“நல்லாத்தானக்கா இருக்கு. எப்ப படபடங்குது?”

“சொன்னா சிரிப்ப. பாடும்போதுதான் மெர்சி. ஒதட்டுல ஜிவ்வுங்குது, அப்படியே நெஞ்சுக்கு எறங்குது. எனக்கு நரம்புத் தளர்ச்சின்னு நெனைக்கேன். மைக்கப் புடிக்கவே பயமா இருக்கு.”

ஈ.சி.ஜி. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“எத்தன நாளா?”

“அந்த டிவி மாட்டுனாவல்ல, அதுலருந்து. அண்ணாச்சிட்ட சொன்னேன். வயசாயிட்டும்மா, டானிக் சாப்பிடுன்னாவ.”

டிவி என்று அவர் சொன்னது பலிபீடத்துக்குப் பக்கத்தில் மாட்டிய பெரிய எல்.இ.டி. திரையை. பாட்டு வரிகள் அதில்தான் ஓடும். அந்த மாதிரித் திரையிலிருந்து எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும், எர்த் நன்றாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் செத்துப்போயிருந்தால்? அந்த எர்த் வயரோடு சேர்ந்த எல்லாத் தகரத்திலும் வந்து நிற்கும். மிக்ஸரில், என் பெட்டியில், மைக்கில். ஆலயத்துக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் வெறுங்காலோடு நின்று, ஜெயாக்கா அந்த மைக்கில் உதடு வைத்துப் பாடியிருக்கிறார். மாதக்கணக்காக.

இன்றைக்கு ஜிவ்வென்கிறது. அந்தத் திரையில் பெரிய பழுது ஒன்று வந்தால் அதே மைக் ஆளைக் கொன்றுவிடும். அதைத்தான் அந்த இரைச்சல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வோல்டேஜ் அளக்கும் மல்ட்டி மீட்டரோடு ஆலயத்துக்குப் போனேன், முருகனையும் கூப்பிட்டுக்கொண்டேன். பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன். வீட்டில் ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டும். அங்கே எழுபதைத் தாண்டி ஆடியது, எர்த் செத்தே கிடந்தது. முருகன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, எர்த் குழி எங்கன இருக்கு?”

கல்லுக்கு அடியில்

எர்த் குழி என்பது மண்ணுக்குள் ஒரு குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவது. கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் ஆலயத்தில் வடக்குச் சுவரோரம் இருந்தது. கைகழுவும் குழாய்த் தண்ணீர் அதன்மேல்தான் வழியும் என்பதால் தனியாக யாரும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

போன பண்டிகைக்கு அங்கே அந்தக் கைகழுவும் குழாயைப் பிடுங்கிவிட்டு, சிமென்ட் கல் பாவினார்கள். எங்கள் ஊர் ஆலயங்களில் எதைக் கொடுத்தாலும் பேர் பொறிக்க வேண்டும். ஃபேனுக்குப் பேர், பெஞ்சுக்குப் பேர், மணிக்கயிறு கட்டின ஆணிக்குப் பேர் இல்லாதது ஆச்சரியம்தான். தரை பாவியது செல்லத்துரை அண்ணாச்சியின் குடும்பம். காலமான அவருடைய அப்பாவின் பேரைக் கறுப்புக் கிரானைட்டில் வெட்டி, நட்டநடுவே பதித்திருந்தார்கள். நானும் முருகனும் சுவரிலிருந்து வயர் இறங்கும் இடத்தைத் தேடிப் போய் நின்றது அந்தக் கல்லுக்கு முன்னால்.

புதன்கிழமை கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரைக் காட்டினேன். அறுத்த பிளக்கை மேசைமேல் வைத்தேன்.

செல்லத்துரை அண்ணாச்சி எழுந்துவிட்டார். “எங்கய்யா பேரு அதுல இருக்கு. ஒம் பொட்டி இரையுதுன்னு அதுல கடப்பாரையப் போடச் சொல்லுதியா? இரைச்சல்தான் நின்னுட்டுல்லா, இன்னும் என்னத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம்?”

“இரைச்சல் நிக்கல அண்ணாச்சி. வாயப் பொத்தி வச்சிருக்கிய. ஜெயாக்கா ஒதட்டுல கரண்ட் அடிக்கி. உங்களுக்குக் கல்லு பெருசா, ஆளு பெருசா?”

“பண்டிக முடியட்டும், பாப்போம்” என்றார் அவர். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அப்பாமேல் அவருக்கு இருந்தது உண்மையான பாசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும், ஜெயாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வாய் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். எரிச்சலில் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முருகன் வந்தான். வயரை விரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“எர்த் சரியாகாம நான் சுவிட்ச் போட மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும். வேற மைக் செட் கூப்பிட்டாலும் கூப்பிட்டுக்கிடுங்க. வாரவன்ட்டயும் சொல்லத்தான் செய்வேன்.”

அன்று மைக் இல்லாமல் ஆராதனை நடந்தது. போதகரின் பிரசங்கம் நாலாவது பெஞ்சுக்கு மேல் கேட்கவில்லை. முடிந்ததும் அவரே அண்ணாச்சியை அழைத்து, “கல்லை எடுத்துடலாம்” என்றார்.

திங்கட்கிழமை கொத்தனார் வந்து கல்லைச் சுற்றிலும் செதுக்கிப் பக்குவமாக நெம்பினார். கீழே குழியில் கரியும் உப்பும் காய்ந்து பொடியாகக் கிடந்தன. குழாயோடு சேர்ந்திருக்க வேண்டிய கம்பி, பாவும்போது அறுபட்டுத் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. இதை எல்லாரும் குனிந்து பார்த்தோம். செல்லத்துரை அண்ணாச்சியும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொத்தனாரிடம் கேட்டார், “கல்லுல கீறல் எதுவும் விழலியே?”

விழவில்லை. ஐந்தடி தள்ளிப் பதித்தாயிற்று. குழியைப் புதிதாகத் தோண்டிக் கட்டி, மேலே திறந்து மூடும் மூடி போட்டார்கள். முருகன் என் பெட்டிக்குப் புது பிளக் மாட்டினான். பெட்டிக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுத்தான். மீட்டர் ஒன்றரை காட்டியது. மூன்று பின்னும் இருக்கும்போதே இரைச்சல் போயிருந்தது.

அசன ஞாயிறு

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுத மாட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகையில் ஜெயாக்கா மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அருகே போகச் சொன்னால் அரை அடி வைப்பார், உதடு மடங்கிவிடும், பின்னால் வந்துவிடுவார். மாதக்கணக்காகக் கடித்த சாமானை உடம்பு எப்படி நம்பும்? குரல் மைக்கில் ஏறவே இல்லை.

பின்னால் நின்று கேட்ட செல்லத்துரை அண்ணாச்சி குழுத்தலைவரிடம் சொன்னார்: “ஜெயாவுக்குக் கொரல் போயிட்டுய்யா. வயசாயிட்டு. நாளைக்கு வேற பிள்ளையப் பாட வைங்க.”

ஜெயாக்கா காதில் அது விழுந்தது. பாட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். “அவுக சொல்லுதது சரிதான் மெர்சி” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ. பெட்டி மேல் பழி போட்டார்கள், அப்புறம் என்மேல், இப்போது இவர்மேல். “ஜெயாக்கா பாடலேன்னா நான் வாசிக்கல” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். குழுத்தலைவர் பேசாமல் இருந்தார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆலயம் நிரம்பி, பந்தலிலும் ஆள். பின்பக்கமிருந்து குழம்பு வாசனை. காலையிலேயே மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். பூஜ்யம். எங்கள் பாட்டு அறிவித்தார்கள். ஜெயாக்கா எழுந்து வந்தார், மைக்குக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டார்.

நான் என் இடத்தை விட்டு நடந்தேன். வெறுங்காலோடு, இடது கையில் ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவருடைய மைக்கின் வலையில் என் உதட்டை அழுத்தி வைத்தேன். மைக்கில் கரண்ட் இருந்தால் என் உடம்பு வழியாகத்தான் பாயும். சபை முழுக்கப் பார்த்தது. மூன்று மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றேன்.

“அக்கா, கடிக்கல. வாங்க.”

அது பந்தல் வரைக்கும் கேட்டது. ஜெயாக்கா என் முகத்தையே பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். கண்ணை இறுக்கி மூடி, மைக்கில் உதடு வைத்து முதல் வரியை எடுத்தார்.

போய்விட்டது என்று சொன்ன குரல். முன்வரிசையில் செல்லத்துரை அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கிட்டாரில் முதல் கார்டை, வேண்டியதற்கு மேல் பலமாகத்தான் அடித்தேன்.